குப்பிக்குள் கரையும் சீனி

(ஹேவாஹெட்டயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை எந்த ஆசிரியரின் நினைவாக நடக்கிறதோ, அவரிடம் விஞ்ஞானம் படித்தவள் நான். எங்கள் பாடசாலையில் அப்போது ஒரேயொரு நுணுக்குக்காட்டிதான் இருந்தது. வெங்காயத் தோலை அதன் கீழே வைத்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்க்க விடுவார். பார்த்துவிட்டு வந்து படம் கீற வேண்டும். நான் புத்தகத்திலிருந்த படத்தை அப்படியே அழகாகக் கீறிக்கொண்டு போய் நீட்டினேன். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, “நீ பார்த்ததைக் கீறு பிள்ளை. புத்தகக்காரன் பார்த்ததை அவன் கீறிவிட்டான்” என்றார். கடைசிக் காலத்தில் சீனி வருத்தம் அவருடைய இரண்டு கால்விரல்களைக் கொண்டுபோனது. நீரிழிவு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லி அவருடைய குடும்பத்தார் கேட்டபோது, ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஆட்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொன்னேன். சம்மதித்தார்கள்.

நான் வைத்தியர் இல்லை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். என் அம்மா இந்த மலையில் கொழுந்து பறித்தவர். நான் பேசப்போவது பெரும்பாலும் கைகளைப் பற்றித்தான்.

முதலில் இந்தக் குப்பியைப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். சாம்பல் நிற மூடி. அடியில் வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதுதான் சோடியம் ஃபுளோரைட். சீனி பார்க்க எடுக்கும் இரத்தத்தை இந்தக் குப்பியில்தான் விட வேண்டும். ஏன்? உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் இரத்தம் சாவதில்லை. செவ்வணுக்கள் குப்பிக்குள்ளும் பசியோடுதான் இருக்கின்றன. கூடவே வந்த குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை சீனி குறைந்துபோகும். ஃபுளோரைட் அந்தப் பசியை அடக்கும். ஆனால் உடனே அடக்காது. முதல் ஒன்று, இரண்டு மணி நேரம் குறைவு நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே குப்பியை ஐஸில் வைக்க வேண்டும். சீக்கிரமாகச் சுழற்றியில் போட்டு, அணுக்களை அடியில் இறக்கி, மேலே நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இங்கிருந்து மாரஸ்ஸன, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். நம் ஆட்களின் இரத்தமும் அதே வளைவுகளில்தான் இறங்குகிறது. வெறுவயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்பது கணக்கு. காலையில் 130 இருந்த ஒருவரின் இரத்தம், சும்மா ஒரு குப்பியில் மூன்று மணி நேரம் கிடந்தால் 110 அளவில் வந்து நிற்கும். சீனி உடம்பில் குறையவில்லை, வழியில் கரைந்துவிட்டது. காகிதத்தில் எழுதுகிற ஆளுக்கு அது தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். பட்டுத் தெரிந்துகொண்டது பிறகு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை, சாம்பல் மூடிக் குப்பி தீர்ந்துபோயிருந்தது. மேலே தோட்டமொன்றிலிருந்து வந்த இருபதுக்கு மேற்பட்ட குப்பிகள் சாதாரணக் குப்பிகள். சுழற்றியில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது. நான் வரிசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். மத்தியானம்தான் அளந்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு 112. “சீனி இல்லை, கொஞ்சம் கவனமாக இருங்கள்” என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஆறாத கால் புண்ணோடு வந்தார். பழைய கொப்பியைப் புரட்டினால் என் கையெழுத்தில் அந்த 112. அன்றைக்கே நீரிழிவு இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அந்தக் குப்பி எத்தனை மணிக்கு எடுத்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வேலை செய்த எந்த இடத்திலும் நேரம் எழுதாத குப்பியை வாங்கியதில்லை. சண்டைக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும்.

இன்சுலின் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பான்டிங், பெஸ்ட், நாய்கள், நோபல் பரிசு. அந்தக் கதையில் யாரும் நின்று பார்க்காத பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. 1922 ஜனவரி 11. டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையன், எலும்பும் தோலுமாக, சாகக் கிடக்கிறான். பான்டிங்கும் பெஸ்டும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஏற்றுகிறார்கள். சீனி 440இலிருந்து 320க்கு இறங்கியது. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. சாற்றில் அழுக்கு இருந்தது. நிறுத்திவிட்டார்கள். எண்ணம் சரி. சாறுதான் சரியில்லை.

அந்த நேரம் அல்பெர்ட்டாவிலிருந்து ஆராய்ச்சி விடுப்பில் வந்திருந்த ஜேம்ஸ் கொலிப் என்ற உயிர்இரசாயனவியலாளர் இராப்பகலாக மதுசாரத்தோடு மல்லுக்கட்டினார். மதுசாரத்தின் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் அளவில் வேண்டாத புரதங்கள் படிந்துவிடும், இன்சுலின் கரைசலில் நிற்கும். இன்னும் கூட்டினால் இன்சுலினும் படியும். அந்த இரண்டு விளிம்புகளையும் கண்டுபிடித்தார். ஜனவரி 23ஆம் திகதி அதே பையனுக்கு மறுபடி ஊசி. ஒரு நாளில் 520இலிருந்து 120. பையன் எழுந்து உட்கார்ந்தான். 1935 வரை உயிரோடு இருந்தான்.

கொலிப்புக்கு நோபல் இல்லை. 1923இல் பரிசு பான்டிங்குக்கும், ஆய்வுகூடத்தைக் கொடுத்த பேராசிரியர் மக்லியொட்டுக்கும் போனது. பான்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார், மக்லியொட் கொலிப்புக்குக் கொடுத்தார். நால்வருக்கும் இடையில் பொறாமையும் கோபமும் இருந்தன; பான்டிங்கும் கொலிப்பும் கைகலக்கும் அளவுக்குப் போனார்கள் என்பார்கள். அதை நான் சொல்வது ஊர்வம்புக்காக அல்ல. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் தூக்கமில்லாத, பயந்த, பெயருக்கு ஆசைப்படுகிற சாதாரண மனிதர்கள். அப்படிப்பட்ட மனிதர்கள்தான் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. அந்த வெற்றிக்குச் சில வாரங்களில் கொலிப்புக்கே கை வராமல் போனது. கொஞ்சமாகச் செய்தபோது வந்த மருந்து, பெரிய அளவில் செய்தபோது வரவில்லை. மருந்தில்லாமல் நோயாளிகள் காத்திருந்தார்கள். வெப்பமா, நேரமா, பாத்திரமா, எது மாறியது என்று ஒவ்வொன்றாகத் தேடித்தான் மீட்டெடுத்தார்கள். எங்கள் தொழிலின் முழுப் பயமும் அந்த வாரங்களில் இருக்கிறது. நேற்று வந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிற ஆய்வுகூடம்தான் நல்ல ஆய்வுகூடம்.

பெண் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். ரோசலின் யாலோ என்ற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நியூயோர்க்கில் வறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பௌதிகம் படிக்க ஆசைப்பட்டார். பெண்ணுக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று சுருக்கெழுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு பிரோங்ஸிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துடைப்பம் வாளி வைத்திருந்த ஓர் அறையைத் தன் ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். சொலமன் பெர்சன் என்ற வைத்தியரோடு சேர்ந்து, இன்சுலின் ஊசி போடுகிறவர்களின் உடம்பு அந்த இன்சுலினுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது என்று கண்டார். அவ்வளவு சிறிய புரதத்துக்கு அப்படி நடக்காது என்று பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பின. ‘பிறபொருளெதிரி’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு 1956இல் வெளியிட்டார்கள். அந்தப் பிறபொருளெதிரியையே தராசாக்கி, கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினைப் படிக்கல்லாக்கி, இரத்தத்தில் இம்மியளவு இருக்கும் இன்சுலினையும் அளக்க வழி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது: பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை, இருந்தும் வேலை செய்யவில்லை. பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. தனக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தை நோபல் உரையில் சேர்த்தே வெளியிட்டார்.

கிளினிக்கில் இப்போது ‘மூன்று மாதச் சீனி’ என்கிறார்களே, அந்தப் பரிசோதனையின் தொடக்கம் தெஹ்ரானில். சாமுவேல் ரஹ்பார் என்ற வைத்தியர் 1960களின் கடைசியில், நோயாளிகளின் ஈமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிலரில் வழக்கமில்லாத ஒரு பட்டை தெரிந்தது. யார் இவர்கள் என்று விசாரித்தால் நீரிழிவுக்காரர்கள். அந்தப் பட்டையை அழுக்கு என்று தள்ளியிருந்தால் தள்ளியிருக்கலாம். பார்த்ததைக் கீறினார். சீனி செவ்வணுவின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது, அணு வாழும் மூன்று, நான்கு மாதமளவும் ஒட்டியபடியே இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு வெறுவயிறு வேண்டாம். குப்பி மலையிறங்கும் நேரத்தில் அளவு கரைந்துவிடாது. நம்மைப் போன்ற ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு வளைவு உண்டு. இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தவர்களுக்கு இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அணுக்கள் சீக்கிரம் உடைகிற நோய் இருந்தால் குறைத்துக் காட்டும். தோட்டத்துப் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு என்பது இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் ஓர் எண்ணைப் பார்த்ததும் முடிவெடுக்காமல், ஆளையும் பார்த்து இன்னொரு பரிசோதனை கேட்கிற தொழில்நுட்பவியலாளர் நமக்கு வேண்டும். அவர் நம் பாஷை பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. “நேற்று இரவு என்ன சாப்பிட்டீங்க, காலையில தேத்தண்ணி குடிச்சீங்களா” என்று கேட்டால்தான், “வெறும் சாயம்தான் மகள், ஒரு கரண்டி சீனி போட்டு” என்ற பதில் வரும். அந்த ஒரு கரண்டியோடு வெறுவயிற்றுப் பரிசோதனை போய்விட்டது.

தமிழ் பேசுகிற ஊர்களில் இந்த ஆராய்ச்சி ஆழமாக வேரோடியது சென்னையில்தான். 1948இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிக் கிளினிக் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. அவருடைய மகன் வைத்தியர் வி. மோகனும், மோகனின் மனைவி கண் வைத்தியர் எம். ரமாவும் சேர்ந்து 1996இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார்கள். 2001இல் சென்னை நகரத்தில் மட்டும் 26,001 பேரை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2008 தொடங்கி 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேர். வைத்தியர் ஆர்.எம். அஞ்சனாவும் மற்றவர்களும் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு. 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

இந்த எண்களைப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. நான் நினைப்பது கதவைத் தட்டிய ஆட்களை. விடிகாலையில் ஒரு வீட்டுக்குப் போய், எதுவும் சாப்பிடாமல் இருங்கள் என்று முதல் நாளே சொல்லி வைத்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, பிறகு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி குத்த வேண்டும். உலகக் கணக்கு 75 கிராம் குளுக்கோஸ். ஆனால் பொட்டலத்தில் வரும் தூளில் நீரும் சேர்ந்திருப்பதால் 82.5 கிராம் நிறுத்தால்தான் உள்ளே 75 போகும். அந்த ஏழரைக் கிராமை மறந்தால் ஒரு மாநிலத்தின் கணக்கே சாய்ந்துவிடும். வேலைக்குப் போகிற ஆளை இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார வைக்க, அந்த வீட்டுக்காரர்கள் நம்ப வேண்டும். நாள்கூலி போகும் என்று எழுந்துவிட்டால் கணக்கில் ஒரு வெற்றிடம். ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் தடவை யாரோ ஒருவர் கெஞ்சியிருக்கிறார், யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த எண்ணை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அதே சென்னை நிறுவனத்தில் கலாநிதி ராதா வெங்கடேசன் நடத்திய மரபணு ஆய்வுகூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்து ஆறு மாதத்துக்குள் சீனி ஏறும் குழந்தைகள் சிலர் உண்டு. ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்றுதான் பெற்றோரிடம் சொல்வார்கள். அவர்களில் பலருக்குக் கோளாறு ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. கணையக் கலத்தின் பொட்டாசியக் கதவு மூடாமல் நிற்கிறது. அந்தக் கதவை மூட ஒரு பழைய, மலிவான மாத்திரை போதும். 2006இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் குழுவினர், அப்படிப்பட்ட 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள் என்று காட்டினார்கள். சென்னையிலும் இந்த மரபணுவைத் தேடிப் பார்த்து, குழந்தைகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்து, ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்த அந்த ஆராய்ச்சி மாணவி அந்தக் குழந்தையை அநேகமாகப் பார்த்தேயிருக்க மாட்டாள்.

இப்போது நம் மலைக்கு வருவோம். இங்கிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த இடம். அதற்கு முன் இந்தச் சரிவெல்லாம் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு விழுந்தபோது என்ன நடந்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளரை 1880இல் அனுப்பினார்கள். பேராதனைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடம் நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது காற்றில் பரவும் பூஞ்சை என்று காட்டினார். கோப்பி பிழைக்கவில்லை. தேயிலை வந்தது. தேயிலைக்கென்று 1925இல் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, இன்றைக்கும் தலவாக்கலையில் இருக்கிறது. இலைக்கு நோய் வந்தால் ஆய்வுகூடம் மலையேறி வந்தது. அந்த இலையைப் பறித்த ஆளுக்கு நோய் வந்தால், ஆளின் இரத்தம்தான் மலையிறங்கிப் போனது. இதை மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன். என் அம்மாவின் காலத்தில் தோட்டத்து மருந்துக் காம்பராவில் சீனி பார்க்க, சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு கொதிக்கவைப்பார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாக மாற மாறச் சீனி கூடுதல். சிறுநீரில் சீனி இறங்கும் அளவுக்கு முற்றிய பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும்.

2005ஆம் ஆண்டளவில் நடந்த ஆய்வில் இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு. 2018–19இல் நடந்த இன்னொரு ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 23 பேர். மலையேறி இறங்குகிறவர்களுக்குச் சீனி வராது என்ற பேச்சை இன்னும் கேட்கிறேன். கோதுமை மா ரொட்டியும், ஒரு நாளைக்கு ஐந்து தடவை சீனித் தேத்தண்ணியும், பென்சன் எடுத்த பிறகு லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்தால் மலை காப்பாற்றாது.

சீனி குறையும் என்று கோத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். சிரிக்க மாட்டேன். 1997இல் ஜப்பானில் யொஷிகாவாவின் குழு அந்தச் செடியிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தது. குடலில் மாச்சத்து சீனியாக உடைவதை அது தடுக்கிறது. 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம் அந்தத் தேநீரையும், மூன்று மாதம் மருந்தில்லாத தேநீரையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சீனி சராசரியில் மருந்தில்லாத தேநீருக்குப் பிறகு 6.65, ஹிம்புட்டுத் தேநீருக்குப் பிறகு 6.29. உண்மையான பலன், சிறிய பலன். பாட்டிமார் சொன்னதைப் பழிக்காமலும் அப்படியே நம்பாமலும் அளந்து பார்த்த அந்த வைத்தியர்களை நான் மதிக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோப்பையை நம்புகிறவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

இங்கிருந்து கண்டிக்குப் போனால் பேராதனைப் பல்கலைக்கழகம். ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வைத்தியர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ஆய்வுகூடத்துக்கு நிறுக்கிற கை வேண்டும், நேரம் எழுதுகிற கை வேண்டும், எலிக்கூண்டைத் துப்புரவாக வைத்திருக்கிற கை வேண்டும். வெறுவயிற்றோடு மலையிறங்கி வந்த ஒரு கிழவியின் கையில் நரம்பு தேடி, ஒரே குத்தில் இரத்தமெடுக்கிற கையும் வேண்டும்.

பேசியது போதும். மேசையில் இருக்கும் இந்த ஊதா மூடிக் குப்பியில் இருப்பது என் இரத்தம். இதில் ஃபுளோரைட் இல்லை. இன்று காலை ஆறு மணிக்கு வெறுவயிற்றில் எடுத்தது; நேரத்தை ஒட்டியிருக்கிறேன். எடுத்தவுடன் இந்தக் கருவியில் அளந்தேன்: 104. அதன் பிறகு கைப்பையிலேதான் வைத்திருந்தேன். இப்போது பதினொன்றே கால். மகள், நீ வா. கையுறையைப் போட்டுக்கொள். குப்பியை மெதுவாக எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்து; குலுக்காதே. ஒரு துளி போதும். என்ன காட்டுகிறதோ அதைப் பலகையில் எழுது.

(மாணவி பலகையில் எழுதிய எண் 81.)